நாலுக்குப் பக்கத்தில் இரண்டு சைபர்

1941 மே 2, வெள்ளி

மாகாணக் காங்கிரஸ் காரியாலயத்திலிருந்து இன்று கடிதம் வந்துவிட்டது. தனிநபர் சத்தியாக்கிரகம் செய்ய என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உமையொருபாகம் பிள்ளை, வயது 46, சோடாக் கம்பெனி, செவல்குறிச்சி, கோவில்பட்டி தாலுகா. டைப் அடித்த எழுத்தில் என் பெயரைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. மூன்று முறை படித்தேன். பெயர் இருந்த முதல் பக்கத்தைத்தான்.

காரியம் சுலபம். தேதி, இடம், நேரம் எல்லாவற்றையும் போலீசுக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட வேண்டும், முகூர்த்தப் பத்திரிகை மாதிரி. பிறகு அந்த இடத்தில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "இந்த யுத்தத்துக்கு ஆள் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் தப்பு, யுத்தத்தை அகிம்சையால் எதிர்ப்பதே முறை." சொன்னதும் பிடித்துக்கொண்டு போவார்கள். மூன்று மாதம். தினமும் தக்ளியில் நூல் நூற்று, டைரி எழுதி, பின்னால் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. இந்த டைரி அதற்காகத்தான். என் சொந்த விஷயங்கள் எதுவும் இதில் வராது.

என் சகலை அம்பலவாணன் ஜனவரியிலேயே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் அவனுக்கு நாற்காலி, எனக்கு ஜமக்காளம். இதற்கும் நான் பெயர் கொடுத்ததற்கும் சம்பந்தம் இல்லை.

நூற்ற நூல்: 90 கெஜம்.

மே 6, செவ்வாய்

நாளைக் காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில். முடி வெட்டிக்கொண்டேன். ஜெயிலில் மொட்டையடிப்பார்கள் என்று அம்பலவாணன் சொன்னதால் அரைக் கிராப்போடு நிறுத்திக்கொண்டேன். செண்பகவடிவு, என் மனைவி, சோடா மிஷினை யார் சுற்றுவது என்று கேட்டாள். தேசத்துக்காக மூன்று மாதம் கடையைப் பூட்டி வைத்தால் என்ன என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. முடியாது என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

ஊர்க்காரர்கள் மாலை வாங்கி வைத்திருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வெயில்.

மே 7, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மாலையோடு நின்று வாக்கியத்தைச் சொன்னேன். இருபது வருஷம் சோடா வியாபாரம் செய்த தொண்டை. கடைசி வார்த்தை சத்திரம் வரைக்கும் கேட்டது என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் எதிரே காபி கிளப்பில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வருவார் என்று கையை நீட்டத் தயாராக வைத்திருந்தேன். அவர் இரண்டாவது காபி சொன்னார். நான் இரண்டாவது தடவை வாக்கியத்தைச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது கூட்டத்தில் பாதி பஸ் ஏறிப் போய்விட்டது.

அப்புறம் அவரே நிதானமாக வந்தார்.

"முடிஞ்சுதாவே? அப்பம் வீட்டுக்குப் போவும். சின்ன ஆளுங்களைப் பிடிக்க வேண்டாம்னு மேலிடத்து உத்தரவு. பிடிச்சாத்தான் நீங்கள்லாம் பெரிய ஆளாயிருதீங்க."

நாலு பேர் சிரித்தார்கள். அதில் அம்பலவாணன் ஒருவன். மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதோடேயே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் காரியாலயக் கடிதத்தை எடுத்தேன். அதற்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. கைது செய்யப்படாதவர்கள் வீட்டில் தங்கக்கூடாது என்றும், வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே கால்நடையாக டில்லியை நோக்கிப் புறப்பட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

டில்லி எவ்வளவு தூரம் என்று போஸ்ட் மாஸ்டரிடம் விசாரித்தேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. ஆயிரத்து ஐந்நூறு மைலுக்குக் குறையாது என்றார்.

நூல் நூற்கவில்லை.

மே 8, வியாழன்

இன்று உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துப் புறப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செண்பகவடிவு புளிச்சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "இன்னும் இங்கதான் நிக்கியளா?" என்றாள். புறப்பட்டேன்.

ஊர் எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் காத்திருந்தார். பெயர் வெள்ளத்துரை, நம்பர் 417. ஐம்பதைத் தாண்டியவர், பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாதம். விருதுநகர் வரை என் பின்னாலேயே வந்து, நான் எங்கே என்ன சொன்னேன், எத்தனை பேர் கேட்டார்கள் என்று தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டும், ஆனால் என்னைத் தொடக்கூடாது. இதுதான் அவருக்கு உத்தரவு. விருதுநகரில் என்னை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

முதலில் இருபது கெஜம் தள்ளி வந்தார். ஒரு மைல் கழித்து, "பிள்ளைவாள், புளிச்சாதமா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டார்.

ஐந்து மைல். வாக்கியம் மூன்று தடவை சொன்னேன். கைது இல்லை.

மே 9, வெள்ளி

காலில் கொப்புளம். வலது காலில் மூன்று, இடது காலில் இரண்டு. வெள்ளத்துரைக்கு பூட்ஸ் இருந்தும் நாலு.

மே 10, சனி

இன்று ஒரு விஷயம் கவனித்தேன். நான் வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் வெள்ளத்துரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். கடமை உணர்ச்சி என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் புளியமரத்தடியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார். மூன்றாம் வகுப்புப் படிப்பு. பென்சிலை எச்சில் தொட்டு ஒரு வரி எழுத அரை மணி ஆயிற்று. எட்டிப் பார்த்தேன். 'கேட்டவர்கள் 4. அதில் ஒருவர் செவிடு' என்று இருந்தது. மனுஷனுக்கு மனுஷன் இரக்கம் வேண்டாமா? அந்த நான்காவது ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டியதை நானே பார்த்தேன்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். "நீங்களே உங்களைப் பத்தி எழுதுங்க. கையெழுத்து மட்டும் நான் போடுதேன்" என்று கொடுத்துவிட்டு பூட்ஸைக் கழற்றினார். நாலு என்பதை நாற்பது ஆக்கினேன். ரிப்போர்ட்டைத் தினமும் காலையில் கோவில்பட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறார்.

காரியாலயத்தார் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மே 11, ஞாயிறு

நேற்று நாற்பது பேர் கேட்டும் இன்று யாரும் என்னைப் பிடிக்க வரவில்லை. நாற்பது என்பது அவர்களுக்குப் போதவில்லை போலிருக்கிறது. இன்று உண்மையில் கேட்டவர்கள் மறுபடியும் நாலு பேர். நாலுக்குப் பக்கத்தில் இரண்டு சைபர் போட்டேன். 'ஜனங்கள் கொதித்தார்கள்' என்றும் ஒரு வரி சேர்த்தேன். சட்டம் என்று ஒன்று இருந்தால் நாளைக்கே என்னைப் பிடித்தாக வேண்டும்.

வெள்ளத்துரை எழுத்துக் கூட்டிப் படிக்காவிட்டாலும் எண் தெரிந்தவர். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளைவாள், நாலுக்குப் பக்கத்துல ரெண்டு சைபர் எதுக்கு?"

நான் தக்ளியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நூல்: 160 கெஜம். இதுவரை அதிகம் இதுதான்.

மே 12, திங்கள்

நல்ல சத்தியாக்கிரகிகள் திங்கட்கிழமை மௌன விரதம் இருக்கிறார்கள். நானும் சிலேட்டு ஒன்று வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். வாக்கியம் சொல்ல வேண்டாம் என்பது கூடுதல் சௌகரியம். பதினொன்றரை மணி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு நாய் என் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதனிடம் நான் பேசியவற்றை இங்கே எழுத முடியாது. விரதம் முறிந்தது. ஒரு நாள் மௌனம் பாக்கி இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பொட்டலமும் கிடைக்கவில்லை.

மே 13, செவ்வாய். விருதுநகர்

வெள்ளத்துரையோடு இது கடைசி நாள் என்று நினைத்தேன். நல்ல மனுஷன், பழகிவிட்டது. ஆனால் இங்கே எங்களுக்கு முன்பே ஒரு மெமோ வந்து காத்திருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். நானூறு பேர் கொதித்த கூட்டத்தைத் தன்னந்தனியாக, லத்தியைத் தூக்காமல் கலைத்த 417-ம் நம்பர் காரரின் சாமர்த்தியத்தைப் போலீஸ் சூப்பிரண்டு துரை பாராட்டுகிறாராம். இப்படிப்பட்டவரை மாற்றுவது உசிதமல்ல. ஆகவே மதுரை வரை அவரே பின்தொடரட்டும். சத்தியாக்கிரகியைக் கைது செய்ய வேண்டிய அவசியம் எழவில்லை.

நான் பொய் எழுதியதற்குப் பலன், வெள்ளத்துரைக்குப் பாராட்டு.

ஆனால் மதுரை என்று படித்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொப்புளம் உடைந்த காலோடு இன்னும் முப்பது மைல் நடக்க இவ்வளவு ஆசைப்படும் ஆளை நான் கண்டதில்லை. நடை அவருக்கு ஒத்துக்கொள்கிறது போலும்.

தபாலாபீசில் செண்பகவடிவின் கார்டு இருந்தது. 'மிஷினில் கர்ர் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கிழிந்த துண்டு. உங்கள் துண்டு. இப்போது காஸ் நன்றாக ஏறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்பலவாணன் வந்து மத்தியானம் முழுக்க ஜெயில் கதை சொன்னார். சொல்லிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். ஆறு டஜன் ஆயிற்று.'

அவள் கையெழுத்து முன்பெல்லாம் இவ்வளவு நன்றாக இருந்ததாக நினைவில்லை. கார்டை டைரிக்குள் வைத்திருக்கிறேன், அடையாளத்துக்காக.

மே 14, புதன்

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளத்துரை தலைப்பாகைக்குள்ளிருந்து மடித்த கார்டு ஒன்றை எடுத்தார். கண் சரியாகத் தெரியவில்லை, படித்துச் சொல்ல முடியுமா என்றார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. என்னிடம் வருவதற்கு முன் பல பேரிடம் போய் வந்திருக்கிறது.

அவர் மகன் எழுதியது. பெயர் சமுத்திரபாண்டி. பட்டாளத்தில் லாரி டிரைவர். மதுரைக்குப் பக்கத்தில் கூடாரத்தில் இருக்கிறான். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ரயிலில் மதராசுக்குப் போய் அங்கே கப்பல் ஏறுகிறார்களாம். எங்கே என்று சொல்ல மாட்டார்களாம். 'லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பெயர்தான் சமுத்திரம், இனிமேல்தான் பார்க்கப்போகிறேன்' என்று முடித்திருந்தான்.

லீவு கேட்டாராம். யுத்த காலத்தில் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

மகன் எப்படிப் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஸ்டேஷனுக்குப் பத்து ஆள் சேர்த்துத் தர வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஆளுக்கு ஒருவராவது கூட்டி வர வேண்டும். ஊரான் பிள்ளையைக் கூப்பிட இவருக்கு வாய் வரவில்லை. சொந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டார்.

"தெனம் மூணு தடவை ஆள் கொடுக்கிறது தப்புன்னு சொல்லுதிய, பிள்ளைவாள். கொடுத்தவன் என்ன செய்யணும்னு அதுல ஒண்ணும் இல்லையே."

இரண்டாம் பக்கத்திலும் இல்லை. ராத்திரி மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

மே 15, வியாழன்

இன்று ஒன்பது மைல். காற்று அனுகூலமாக இருந்தது, அதனால்தான். வாக்கியத்தை ஒரே ஒரு ஊரில், வெள்ளத்துரை குளிக்கப் போயிருந்தபோது சொன்னேன். தொண்டை சரியில்லை.

ரிப்போர்ட்டில் நானூறு பேர். இன்றைக்கு அதை வெறும் பழக்கத்தால் எழுதினேன்.

மே 16, வெள்ளி

ஒன்பதரை மைல். திருமங்கலத்தில் காபி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டதால் வேகமாக நடந்தேன். வெள்ளத்துரை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினைந்து வருஷமாக நான் காபி குடிப்பதில்லை என்று அவரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

மே 17, சனி. ஆனையூரணி

மதுரைக்கு எட்டு மைல் இருக்கும்போது எங்கள் சப்-இன்ஸ்பெக்டரே பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் விலங்கு.

ஐந்து நாளாக நானூறு பேர் கொதிப்பதைப் படித்துத் துரைக்குத் தூக்கம் போய்விட்டதாம். உத்தரவு மாறிவிட்டது. அடுத்த தடவை நான் வாக்கியத்தைச் சொன்ன உடனே கைது. அதே பஸ்ஸில், 417-ம் நம்பர் காரர் காவலோடு, கோவில்பட்டி ஜெயில். ஆறு மாதம் நிச்சயம் என்றார். அம்பலவாணனுக்குக் கிடைத்தது மூன்றுதான்.

பத்து நாளாக நான் கேட்ட வரம். சாவடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே, "சொல்லும்வே, உம்ம வாக்கியத்தை" என்றார். வெள்ளத்துரை விறைப்பாக நின்றார். அவர் கண் வடக்கே, மதுரைச் சாலையில் இருந்தது.

நான் தக்ளியை எடுத்து நூற்க ஆரம்பித்தேன்.

சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'மௌன விரதம்.' இன்று சனிக்கிழமைதானே என்றார். 'திங்கட்கிழமை பாக்கி' என்று எழுதினேன். சாட்சி உண்டா என்று கேட்டார். வெள்ளத்துரை ஒரு அடி முன்னால் வந்து, நாயின் நிறம், அது ஓடிய திசை, நான் அதைத் திட்டிய வார்த்தைகள் அத்தனையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருப்பது எனக்குத் தெரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் முதலில் மிரட்டினார். பிறகு கெஞ்சினார். "பாதி வாக்கியம் சொன்னாக்கூடப் போதும்வே, மீதியை நான் எழுதிக்கிடுதேன்" என்றார். இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். மறுநாள் அவர் மச்சினிக்குக் கல்யாணம். கடைசி பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்துவிட்டார். நான் எப்போது வாயைத் திறந்தாலும் உடனே பிடித்து, எங்கே இருக்கிறோமோ அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும் என்று வெள்ளத்துரையிடம் சொல்லிவிட்டு, விலங்கையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ் போன பிறகு வெள்ளத்துரை என் காலடியில் உட்கார்ந்து, மூட்டையிலிருந்த தன் வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டார்.

பாக்கி இருந்த மௌனத்தைத்தான் தீர்த்தேன். வேறு காரணம் இல்லை.

மே 18, ஞாயிறு. மதுரை

மூன்று மணிக்கு ரயில் நிலையம் வந்துவிட்டோம். வெள்ளத்துரை உடுப்பில் இருந்ததால் கேட்டில் விட்டுவிட்டார்கள். நான் கைதி என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பிளாட்பாரம் முழுக்கக் காக்கி. எண்ணிப் பார்த்தேன், எண்ணிவிட்டுத் திகைத்தேன். நானூறு பேருக்குக் குறையாது. ரிப்போர்ட்டில் நான் எழுதிக்கொண்டே வந்த அந்த நானூறு பேரும் கண்ணெதிரே நின்றார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு. என் வாக்கியத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவிலேயே கிடையாது. வாயைத் திறந்தால் ஆறு மாதம் என்ன, ஒரு வருஷமே கிடைக்கும். சொல்ல முடியவில்லை. கப்பல் ஏறப்போகும் பிள்ளையிடம் போய் நீ வந்தது தப்பு என்று யார் சொல்வது? அவனைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவர் என் பக்கத்தில் நின்றார்.

சமுத்திரபாண்டி ஒல்லியாக, காது இரண்டும் துருத்திக்கொண்டு, அப்பாவைப் போலவே இருந்தான். ஜன்னலுக்கு உள்ளே அவன், வெளியே இவர். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும் சாப்பிட்டியா என்று கேட்டார். இத்தனை மைல் வேகமாக நடந்து வந்தது இதற்குத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிளாட்பாரக் கடையில் ஒரு கோலி சோடா வாங்கி, கட்டைவிரலால் ஒரே அழுத்து; காஸ் சீறிக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குள் மூன்று பேர் மேல் தெளித்தது. உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். பாதி குடித்துவிட்டு பாட்டிலை அப்பாவிடம் நீட்டினான். மீதியை அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்தது.

சோடா மட்டம். காஸ் போதாது. எங்கள் கடைச் சரக்காக இருந்திருக்க வேண்டும்.

ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் ஒரு போர்ட்டரும் கூட்டுகிற அம்மாளும் மட்டும் மிச்சம். வெள்ளத்துரை காலி பாட்டிலைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இப்பம் சொல்லுங்க, பிள்ளைவாள்."

சொன்னேன். பதினோரு நாளாகச் சொன்ன வாக்கியம்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் அர்த்தத்தோடு சொன்னேன் என்று நினைக்கிறேன். குரல் உடைந்துவிட்டது. இந்த முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முடித்ததும் என் தோளில் கையை வைத்தார். அதுதான் கைது. விலங்கை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

மே 19, திங்கள்

கோர்ட். எனக்கு மௌன விரதம், இது உண்மையான திங்கட்கிழமை. என்ன சொல்கிறீர் என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்குச் சிலேட்டைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

கூண்டில் 417. எதிரியான நான் என்ன சொன்னேன் என்று கேட்டார்கள். வெள்ளத்துரை குதிகாலைச் சேர்த்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, முழுத் தொண்டையில் சொன்னார்:

"இந்த யுத்தத்துக்கு ஆள் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் தப்பு, யுத்தத்தை அகிம்சையால் எதிர்ப்பதே முறை."

ஜன்னல் கதவு அதிர்ந்தது. வெளியே வராந்தாவில் இருந்தவர்கள் நான்தான் பேசுகிறேன் என்று நினைத்து ஜே போட்டார்கள். மெதுவாகச் சொன்னால் போதும் என்றார் மாஜிஸ்திரேட்.

"அவர் சொன்ன மாதிரிதானே எஜமான் சாட்சி சொல்லணும்."

குமாஸ்தா எழுதி முடிக்கவில்லை, மறுபடியும் சொன்னார். இங்கிலீஷில் மொழிபெயர்க்க இன்னொரு தடவை. ராஜாங்கத்தின் கோர்ட்டில், ராஜாங்கத்தின் உடுப்போடு, யாரும் தொட முடியாத இடத்தில் நின்று மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் 'ஆள்' என்ற இடத்தில் அவர் குரல் தடுக்கி, அப்புறம் நேரானது. எனக்குக் கண் கரித்தது. கோர்ட்டில் ஒரே தூசி. தூசி இல்லை. அழுதேன்.

பிறகு சர்க்கார் தரப்பு இன்ஸ்பெக்டர் எழுந்தார். நான் அபாயகரமானவன், போகிற இடமெல்லாம் நானூறு பேரைக் கொதிக்கவைத்தவன், ஆறு மாதம் போட வேண்டும் என்றார். ரிப்போர்ட்டுகளைக் காட்டினார். இந்த நானூறு உண்மையா என்று மாஜிஸ்திரேட் வெள்ளத்துரையைப் பார்த்துக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். உண்மை என்றால் பொய்ச் சாட்சி. இல்லை என்றால் அவர் பென்ஷன். நான் தலையாட்டியிருந்தால் அவர் ஆமாம் என்றே சொல்லியிருப்பார். எனக்கு ஆறு மாதம், ஆயுசு முழுக்க நாற்காலி.

சிலேட்டை வாங்கி எழுதினேன். இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். 'ரிப்போர்ட்டுகளை எழுதியவன் நான். கேட்டவர்கள் நாலு பேர், ஒருவர் செவிடு. சைபர்களை நான் சேர்த்தேன். எதற்கு என்று போலீஸ்காரர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஜெயிலுக்குப் போக ஆசைப்பட்டுச் செய்தேன்.'

மாஜிஸ்திரேட் அதைப் படித்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் படித்தார். இனிமேல் ரிப்போர்ட்டைச் சொந்தக் கையால் எழுத வேண்டும் என்று வெள்ளத்துரையை எச்சரித்தார், அதோடு விட்டுவிட்டார். எனக்குக் கோர்ட் கலையும் வரை காவல். அப்போது மணி ஒன்றடிக்கப் பத்து நிமிஷம். அவருக்குப் பசி. ஒரு மணிக்குக் கோர்ட் கலைந்தது.

மூலையில் பெஞ்சியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். என் ஜெயில் அவ்வளவுதான். அம்பலவாணன் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டான்.

மே 20, செவ்வாய்

தபாலாபீசில் கார்டு. 'நீங்கள் பிடிபடவில்லை என்று ஊரில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. செருப்பு தேய்ந்திருக்கும். மதுரையில் டயர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். டில்லி வரைக்கும் தாங்குமாம்.'

வாங்கிக்கொண்டேன்.

வெள்ளத்துரைக்குத் திரும்பிப் போக உத்தரவாகிவிட்டது. பஸ் மத்தியானம்தான் என்று சொல்லி, உடுப்பை மூட்டை கட்டிவிட்டு, வெறும் வேட்டி துண்டோடு வைகைப் பாலத்தைத் தாண்டி ஒரு மைல் வரை கூடவே வந்தார். வேலையில் இல்லாதவர் எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். கால் நடந்து பழகிவிட்டது என்றார். பென்ஷன் வந்ததும் செவல்குறிச்சிக்கு வந்து எங்கள் கடையில் ஒரு நல்ல சோடா குடிக்க வேண்டும் என்றும், மகனிடமிருந்து கார்டு வந்தால் செண்பகவடிவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன் என்றும் சொன்னார்.

பிரியும் இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் கீழே நின்று வாக்கியத்தைச் சொன்னேன். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான். கேட்டுவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஏழு மைல். நூல் 120 கெஜம். கைது இல்லை.

கேட்டவர்: ஒருவர். சைபர் சேர்க்கவில்லை.